பால்கனியில் விரித்த பாய் காற்றில் பறக்குதா? தங்கச்சிமடம் காற்றையே சமாளிக்கும் வழி இதோ!

ராமேஸ்வரம் தீவில் பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறது தங்கச்சிமடம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று, அது ஓய்ந்ததும் வாடை. வருஷத்தில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பக்கம் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் மாடியில் உட்காரலாம்னு பிளாஸ்டிக் பாயை விரித்துவிட்டு, டீ எடுத்துட்டு வர்றதுக்குள்ள அது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

பாய் போனால் இன்னொன்று வாங்கிக்கலாம். ஆனால் அது மின்கம்பியில் விழுந்தாலோ, மெயின்ரோட்டில் பைக்கில் போகிறவர் முகத்தில் ஒட்டிக்கொண்டாலோ கதையே வேற.

பாய் ஏன் பறக்குது?

தரையோடு ஒட்டிக் கிடக்கும் பாயைக் காற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஓரம் லேசாக மடங்கினால்தான் வினை. அந்த இடைவெளியில் காற்று புகுந்து, படகுப் பாய் மாதிரி உப்பிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று, தன் எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 6-க்கு 4 அடி பாய் முழுசாக எழும்பி நின்றால் 9 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு! பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அப்படியிருக்க, பாய் எம்மாத்திரம்?

நடுவில் கல் வைத்தால் போதாதா?

போதாது. பலரும் செய்யும் தப்பு இதுதான். எடை ஓரத்தில் இருக்க வேண்டும், அதிலும் காற்று வரும் பக்கத்து ஓரத்தில். கச்சான் காலத்தில் தென்மேற்கு மூலை, வாடை காலத்தில் வடகிழக்கு மூலை. அதே நேரம், பால்கனி விளிம்பில் செங்கல்லோ பூந்தொட்டியோ வைக்கவே கூடாது. பாய் இழுத்தால் அதுவும் சேர்ந்து தெருவில் விழும்.

இதற்கு மீன்பிடி வலையைப் பார்த்தாலே யோசனை கிடைக்கும். வலையின் அடிக்கயிறு நெடுக ஈயக்குண்டு கோத்திருப்பார்கள், அதனால்தான் வலை விரிந்து நிற்கிறது. பாயின் ஓரத்தையும் அதேபோல மடித்துத் தைத்து, உள்ளே மணல் நிரப்பிய துணிக்குழாயைச் சொருகலாம். ஈயம் வேண்டாம், குழந்தைகள் தவழ்கிற இடத்தில் அது விஷம். ஒரு லிட்டர் உலர்ந்த மணலே ஒன்றரை கிலோ வரும்.

எடையை விடக் கட்டுவது நல்லது. பாயின் நாலு மூலையிலும், நீளமான பக்கங்களில் நடுவிலும் ஓட்டை போட்டு, தார்ப்பாய்க்கு அடிக்கிற மாதிரி உலோக வளையம் அடித்து, நைலான் கயிறால் பால்கனி கம்பியில் தளர்வில்லாமல் கட்ட வேண்டும். கயிறு தொங்கினால் பாய் படபடவென்று அடித்து ஓட்டையே கிழிந்துவிடும். வளையம் பித்தளையாக இருக்கட்டும். உப்புக்காற்றில் சாதா இரும்பு சீக்கிரமே துருப்பிடித்து தரையில் கறை விடும்.

டபுள் சைடு டேப் ஒட்டலாமா?

டைல்ஸ் தரை என்றால் ஒட்டலாம். ஆனால் கடலோர வீட்டுத் தரையில் உப்பும் பொடி மணலும் படிந்தே இருக்கும், நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைக்காமல் ஒட்டினால் சீக்கிரம் உரிந்துவிடும். சொரசொரப்பான சிமெண்ட் தரைக்கு இது வேலைக்கு ஆகாது. அடியில் போடும் ரப்பர் விரிப்பு பாய் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், எழும்புவதைத் தடுக்காது.

புதிதாக வாங்குகிறவர்கள் இடைவெளி விட்டுப் பின்னிய பாயைப் பார்க்கலாம். காற்று ஊடே போய்விடுவதால் உப்பாது, மழைத்தண்ணீரும் தேங்காது. கம்பித் தடுப்பு மட்டும் உள்ள பால்கனியைவிட, கட்டைச் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று குறைவு, விரிப்பதை அங்கே விரிக்கலாம். காற்றை மறைக்கிறோம் என்று கம்பியில் தார்ப்பாய் கட்டுவது மட்டும் வேண்டாம், பறக்க இன்னொரு பொருள்தான் சேரும்.

மீனவர்களுக்கான அறிவிப்பில் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று என்று வந்தாலோ, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினாலோ, எந்தக் கட்டையும் நம்பாமல் பாயைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுங்க. அதையும் மீறிப் பறந்து மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் குச்சியால் இழுக்கக் கூடாது, காய்ந்த குச்சியாக இருந்தாலும் சரி. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்துச் சொல்லுங்க, அவர்கள் வந்து எடுக்கும் வரை கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்க.