குவித்துப் போட்ட வாக்கு: பம்பாய், 1937

பம்பாய் மாகாணச் சட்டசபைக்கு 1937 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது, பைகுல்லா-பரேல் தொகுதியில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய இடத்துக்கு இரண்டு பெரிய பெயர்கள் மோதின. ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர், காங்கிரஸ் நிறுத்திய பல்வங்கர் பாலு. 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் அவர். இந்து அணியின் தலைமை மட்டும் சாதியின் பேரால் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒடுக்கப்பட்டோரின் தேர்தல் முறையைத் தீர்மானித்த பூனா ஒப்பந்தத்தில் 1932 செப்டம்பரில் இருவருமே கையெழுத்திட்டிருந்தார்கள். இளமையில் அம்பேத்கர் பாலுவை மெச்சிப் பேசியவரும்கூட.

எண்ணி முடித்தபோது அம்பேத்கருக்கு 13,245, பாலுவுக்கு 11,225. ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்கு வித்தியாசம். காங்கிரஸ் அலை வீசிய ஆண்டில் ஆறே மாத வயதுள்ள ஒரு கட்சியின் தலைவர் பம்பாய் நகரத்துக்குள்ளேயே ஜெயித்தது எப்படி? மேடைப் பேச்சிலும் அம்பேத்கரின் செல்வாக்கிலும் மட்டும் விடை தேடுகிறவர்கள் வாக்குச்சீட்டின் விதிகளைக் கவனிப்பதில்லை. பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சட்டசபை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வார்த்தெடுத்தது. மொத்தம் 175 இடங்கள். பொது இடங்கள் 114. அவற்றுக்குள் 15 ஒடுக்கப்பட்டோருக்கு, 7 மராத்தாக்களுக்கு. முஸ்லிம்களுக்கு 29, பெண்களுக்கு 6, தொழிலாளருக்கு 7, வணிக அமைப்புகளுக்கும் 7. ஐரோப்பியருக்கு 3, பல்கலைக்கழகத்துக்கு 1 என்று பட்டியல் நீள்கிறது. ஊரைக் கூறுபோட்டுக் கூறுக்கொரு நாற்காலி போட்ட ஏற்பாடு. சிந்து தேர்தலுக்கு முந்தைய ஆண்டே தனி மாகாணமாகப் பிரிந்து போயிருந்தது.

யாருக்கு வாக்கு என்பதிலும் இதே கணக்குப்பிள்ளை புத்திதான். நகரத்தில் குடியிருக்கும் இடத்தின் வாடகை மதிப்பு, கிராமத்தில் கட்டும் நிலத்தீர்வை, எங்கும் படிப்புத் தகுதி. இன்றைக்குத் தமிழர்களும் குடியிருக்கிற நவி மும்பையின் கோபர்கைரனே அன்று தாணா ஜில்லாவின் கழியோரக் கிராமம். ஆக்ரி, கோலி சமூகத்தார் வயலையும் மீனையும் நம்பியிருந்த இடம். கழிக்கு அந்தப் பக்கம், பம்பாயில், சால் என்ற நெருக்கடிக் குடியிருப்பின் அறை வாடகை ஒருவரை வாக்காளர் ஆக்கியது என்றால், இந்தப் பக்கம் தீர்வை ரசீது ஆக்கியது. குத்தகை நிலத்தில் உழுதவர்களுக்கும் கூலிக்குப் போனவர்களுக்கும் அது எளிதில் எட்டவில்லை. மாட்டுங்காவில் குடியேறிய படித்த தமிழ் குமாஸ்தாக்களுக்கு வாய்த்தது, தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலிக்காரர்களில் பலருக்கு வாய்த்திருக்காது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் அந்தத் தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 3 கோடிப் பேர்தான். பக்கத்து இலங்கையிலோ 1931லேயே 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு வந்துவிட்டது. அதே சாம்ராஜ்யம், அதே லண்டன். அளவுகோல் மட்டும் வேறு.

இனி வாக்குச்சீட்டின் அந்த விதிக்கு வருவோம். பூனா ஒப்பந்தம் ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக இரண்டு கட்டத் தேர்தலை வாங்கித் தந்தது. நாலு பேருக்கு மேல் நின்றால் முதலில் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் நாலு பேரைப் பொறுக்கியெடுக்க வேண்டும். பிறகு எல்லா இந்துக்களும் சேர்ந்து அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கடைசிச் சொல் பெரும்பான்மையுடையதுதான். ஆனால் பம்பாயில் ஒரு சந்து இருந்தது. ஒதுக்கீட்டு இடமுள்ள தொகுதிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். எத்தனை இடமோ ஒருவருக்கு அத்தனை வாக்கு. அவற்றைப் பிரித்தும் போடலாம், ஒருவருக்கே குவித்தும் போடலாம். மூன்று இடத் தொகுதியில் ஆயிரம் பேர் கட்டுப்பாடாகக் குவித்தால் அவர்களுடைய வேட்பாளருக்கு மூவாயிரம் வாக்கு சேரும். அதே நேரத்தில் காங்கிரஸ்காரர் தன் மூன்று வேட்பாளருக்கும் பங்கு வைத்தாக வேண்டும். பரேலின் மில் பகுதிகளில் அம்பேத்கரின் சாதியான மகர் தொழிலாளர்கள் நெருக்கமாகக் குடியிருந்ததால் இந்தக் கட்டுப்பாடு சாத்தியமானது.

1936 ஆகஸ்டில் அம்பேத்கர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி ஒடுக்கப்பட்டோருக்கான 15 இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பிடித்தது. பொது இடங்களிலும் சில கிடைத்தன. அங்கே ஜெயித்த அனந்த் சித்ரேயும் சாம்ராவ் பருலேகரும் மேல்சாதியில் பிறந்தவர்கள். பெயரிலேயே சாதியை விட்டுத் தொழிலாளரைச் சேர்த்துக்கொண்ட கட்சிக்கு அது பொருத்தம்தான்.

காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆனாலும் அதுவே பெரிய கட்சி. பதவி ஏற்பதா வேண்டாமா என்று அது தயங்கிய சில மாதங்கள் தன்ஜிஷா கூப்பரின் இடைக்கால மந்திரிசபை ஓடியது. காங்கிரஸுக்குள்ளேயே நாரிமனை ஒதுக்கிவிட்டு பி. ஜி. கேரைச் சட்டசபைக் கட்சித் தலைவராக்கிய சண்டை தனிக் கதை. ஜூலையில் கேர் பிரதமரானார். மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்.

செப்டம்பரிலேயே கோத்தி நிலமுறையை ஒழிக்க அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். கொங்கண் குத்தகையாளர்களிடமிருந்து விளைச்சலில் பெரும்பங்கை இடைத்தரகர்கள் பறித்த முறை அது. அலிபாக் பக்கம் சரி என்ற கிராமத்தில் நாராயண் நாகு பாட்டீல் தலைமையில் ஆக்ரி விவசாயிகள் 1933லிருந்து உழ மறுத்து நின்றுகொண்டிருந்தார்கள். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் சட்டசபைக்கு ஊர்வலம் வந்தனர். வாக்குரிமை இல்லாதவர்கள் சட்டசபை வாசலைத் தட்டியது, வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நடந்த இன்னொரு தேர்தல் மாதிரி இருந்தது. மசோதா நிறைவேறவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 7இல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தமும் அதைத் தடுக்கவில்லை. 1939 நவம்பரில், உலகப் போரில் இந்தியாவை இழுத்துவிட்டதைக் கண்டித்துக் கேர் மந்திரிசபை விலகியது.

குவிக்கும் வாக்கை மந்திரக்கோல் என்று நினைத்தால் 1946 அதை மறுக்கிறது. விதி மாறவில்லை. ஆனால் காங்கிரஸ் 125 இடங்களைப் பிடித்தது. அம்பேத்கரின் புதிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குப் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு இடமும் இல்லை. எதிர்த்தரப்பு சிதறாமல் நின்றால் சிறுபான்மைக் கட்டுப்பாடு போதாது என்பது அப்போது தெரிந்தது. அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குள் ஜோகேந்திரநாத் மண்டலின் உதவியோடு வங்காளத்திலிருந்து நுழைய வேண்டியதாயிற்று.

குவித்துப் போடும் அந்தச் சந்துவழியையும் சுதந்திர இந்தியா அடைத்தது. 1952 பொதுத்தேர்தலில் பம்பாய் நகர வடக்கு இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒருவருக்கு இரண்டு வாக்கு, ஆனால் இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. வயது வந்த எல்லாருக்கும் உரிமை வந்த முதல் தேர்தலில் அம்பேத்கர் காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கரிடம் சுமார் 14,500 வாக்கில் தோற்றார். அந்த ஆண்டே பம்பாய் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கில் மாநிலங்களவைக்குப் போனார். அங்கே விகிதாசார முறை.