ஸ்பெயினில் தேறிய மாதிரி நாஃப்டாவில் தவறியது ஏன்?

1986 ஜனவரி 1 அன்று ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. அதே நாளில் அங்கே மதிப்புக் கூட்டு வரியும் அமலானது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1994 ஜனவரி 1 அன்று, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே நாஃப்டா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாற்றங்களின் விளைவையும் பொருளியலாளர்கள் ஒரே வகைக் கருவியைக் கொண்டு முன்கூட்டியே கணித்திருந்தார்கள். இரண்டு கணிப்புகளும் பிற்பாடு உண்மைத் தரவுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. ஒன்று வியக்கும் அளவுக்குச் சரியாக இருந்தது. மற்றொன்று பெரிய அளவில் தவறிப்போனது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காமல், வரியையோ வர்த்தக ஒப்பந்தத்தையோ பற்றி எந்தக் கணினி சொல்லும் எண்ணையும் நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கருவியின் பெயர் கணிக்கத்தகு பொதுச் சமநிலை மாதிரி. துறைக்குள் சிஜிஇ என்பார்கள். 1960இல் நார்வேயின் லைஃப் யோஹான்சன் தம் நாட்டுக்காகக் கட்டியதுதான் இதன் முன்னோடி. டீசல் வரியை ஏற்றினால் காய்கறி விலை ஏறும், லாரிக்காரர் வருமானம் மாறும், அவர் வீட்டுச் செலவு மாறும், அது இன்னொரு கடைக்காரரின் விற்பனையைத் தொடும். இப்படி ஒன்றையொன்று தொடும் எல்லாச் சந்தைகளையும் ஒரே சமயத்தில் கணக்கில் எடுப்பதுதான் இதன் பலம்.

செய்முறை இப்படி. ஏதாவது ஓர் ஆண்டை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். அந்த ஆண்டில் எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்கியது, குடும்பங்கள் எதற்குச் செலவிட்டன, அரசு எங்கே எவ்வளவு வரி வாங்கியது, நாட்டுக்குள் வந்த சரக்கு எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்பதையெல்லாம் வரவும் செலவும் நேராகும்படி ஒரே கட்டத்தில் நிரப்புவார்கள். இதுவே சமூகக் கணக்கு அணி. அந்த ஆண்டில் எல்லாச் சந்தைகளும் சமநிலையில் இருந்தன என்று கொண்டு, அதே எண்கள் திரும்பக் கிடைக்கும்படி சமன்பாடுகளில் பங்கெண்களைப் பொருத்துவார்கள். பிறகு ஒரு வரியை மட்டும் மாற்றினால், எல்லாச் சந்தைகளும் மறுபடி நேராகும் விலைகளைக் கணினி தேடிக் கொடுக்கும். அடிப்படை ஆண்டின் பங்கெண்களிலிருந்தே எல்லாம் கிளம்புகிறது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கணிப்புகளின் தலைவிதியும் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஸ்பெயின் மாதிரியைக் கட்டிய குழுவில் டிமதி கீஹோ, கிளெமென்ட்டே போலோ, ஃபெரான் சாஞ்சோ ஆகியோர் இருந்தார்கள். அடிப்படை ஆண்டு 1980. அடுக்கடுக்காக விழுந்துகொண்டிருந்த பழைய விற்பனை வரிகளை நீக்கி, 12 சதவீதப் பொது வீதத்தில் மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டுவந்தால் எந்தப் பொருளின் விலை மற்றவற்றோடு ஒப்பிடும்போது ஏறும், எது இறங்கும் என்பதே கேள்வி. இந்த மூவரும் 1995இல் தங்கள் கணிப்பைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்தி வெளியிட்டார்கள். தன் கணக்கைத் தானே பத்தாண்டு கழித்துத் திறந்து பார்க்கும் துணிவு பொருளியலில் அரிது. அதற்காகவே அவர்களின் கட்டுரை மதிக்கத்தக்கது.

முதலில் கிடைத்தது ஏமாற்றம். வரி மாற்றத்தை மட்டும் வைத்துக் கணித்த விலைகளுக்கும் 1985 முதல் 1987 வரை நுகர்வோர் விலைகள் உண்மையில் மாறியதற்கும் தொடர்பே இல்லை. ஒட்டுறவுக் கெழு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். போக்குவரத்தை எடுத்துக்கொள்வோம். புதிய வரியால் அதன் விலை சுமார் இரண்டரை சதவீதம் ஏறும் என்றது மாதிரி. உண்மையில் அது 4 சதவீதம் இறங்கியது. காரணம் வெளிப்படையானது. 1986இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. அதே காலத்தில் வேளாண் விளைச்சலும் அடி வாங்கியது. இந்த இரண்டு அதிர்ச்சிகளையும் அதே மாதிரிக்குள் செலுத்தி மறுபடி கணித்தபோது போக்குவரத்து விலை இறங்குவதாகவும் உணவு விலை ஏறுவதாகவும் காட்டியது. கெழு 0.94க்கு உயர்ந்தது. ஒன்றுக்கு இவ்வளவு நெருக்கமான ஒட்டுறவு சமூக அறிவியலில் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆனால் இதை முன்கணிப்பின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய் சரியும் என்று எந்த மாதிரியும் முன்னதாகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த அடி எது, அரசின் கொள்கையால் வந்தது எது என்று பிரித்துக் காட்டியதுதான் அதன் உண்மையான சாதனை. வரி வந்த பிறகு பெட்ரோல் விலை குறைந்ததைப் பார்த்து வரியைப் புகழ்வதும், சாப்பாட்டு விலை கூடியதைப் பார்த்து வரியைத் திட்டுவதும் எல்லா நாட்டிலும் நடப்பதுதான். இரண்டுமே பிழை என்று எண்களோடு காட்ட இந்த மாதிரியால் முடிந்தது.

நாஃப்டாவுக்கு வருவோம். அதற்குப் பல மாதிரிகள் கட்டப்பட்டன. அவற்றில் பெயர் பெற்றது டிரூசில்லா பிரவுன், ஆலன் டியர்டார்ஃப், ராபர்ட் ஸ்டெர்ன் மூவரின் மிச்சிகன் மாதிரி. ஸ்பெயின் மாதிரியைவிட இது நுட்பம் கூடியது. உற்பத்தி பெருகப் பெருகச் செலவு குறைவதையும், நிறுவனங்கள் தத்தம் தனி வகைச் சரக்கோடு போட்டியிடுவதையும் உள்ளடக்கியது. 2005இல் அதே கீஹோ இந்தக் கணிப்புகளை உண்மைத் தரவோடு ஒப்பிட்டார்.

1988 முதல் 1999 வரை, மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால், மெக்சிகோவின் ஏற்றுமதி 240.6 சதவீதம் பெருகியிருந்தது. மாதிரி சொன்னது 50.8. கனடாவின் ஏற்றுமதி பெருகியது 52.9 சதவீதம், மாதிரி சொன்னது வெறும் 4.3. அமெரிக்காவின் ஏற்றுமதியில் 19.1க்கு 2.9. திசை சரி; மெக்சிகோவுக்குத்தான் மாற்றம் அதிகம் என்றதும் சரி. அளவுதான் கைநழுவிப் போனது.

1994 டிசம்பரில் மெக்சிகோவின் பேசோ சரிந்ததே இதற்குக் காரணம் என்று சமாதானம் சொல்லத் தோன்றும். ஸ்பெயினுக்கு எண்ணெய் அதிர்ச்சியைச் சேர்த்தது போல இங்கே நாணயச் சரிவைச் சேர்த்தால் போதாதா? மெக்சிகோவின் எண்ணில் ஒரு பகுதிக்கு அது பொருந்தலாம். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் அப்படி ஒரு நெருக்கடி நேரவில்லை. அங்கேயும் மாதிரி பல மடங்கு குறைத்தே சொன்னது. ஆகவே குறை மாதிரியின் உள்ளேயே இருக்கிறது.

அந்தக் குறையைப் பார்க்க, பன்னாட்டு நாணய நிதியத்தில் இருந்த பால் ஆர்மிங்டன் 1969இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் போக வேண்டும். மெக்சிகோ சட்டையும் அமெரிக்கச் சட்டையும் வாங்குபவர் கண்ணில் வெவ்வேறு சரக்குகள். விலை மாறினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓரளவு மாறிக்கொள்வார் என்பது அவர் கருத்து. வர்த்தக மாதிரிகள் பலவும் இதன் மேல் நிற்பவை. நடைமுறையில் இது இப்படி முடிகிறது: அடிப்படை ஆண்டில் ஒரு நாடு ஒரு சரக்கைப் பத்து ரூபாய்க்கு விற்றிருந்தால், சுங்கவரி நீங்கியதும் அது பன்னிரண்டு, பதினைந்து என்று பெருகும். ஒன்றுமே விற்காமல் இருந்திருந்தால் பங்கெண் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். வரியை முழுதாக எடுத்துவிட்டாலும் அந்தச் சரக்கு எல்லை தாண்டாது. மிச்சிகன் மாதிரியில் நிறுவனங்களின் எண்ணிக்கை மாற இடம் உண்டு. ஆனாலும் பங்கெண்கள் பழைய ஆண்டுக் கணக்கிலிருந்தே வந்தவை.

நாஃப்டாவுக்குப் பிறகோ, முன்பு பெயரளவுக்கே வர்த்தகம் நடந்த பொருள்களில் வேகமான வளர்ச்சி தென்பட்டது. கீஹோ விரல் வைத்த இடம் இதுதான். 2003இல் மார்க் மெலிட்ஸ் கொடுத்த கோட்பாடு இதற்கு ஒரு வழி திறந்தது. வெளிநாட்டுச் சந்தைக்குள் நுழையவே ஒரு தொகை செலவாகும், திறமை மிக்க நிறுவனமே அதைத் தாங்கும், தடை குறைந்தால் புதியவர்கள் உள்ளே வருவார்கள் என்று அது காட்டியது. பிற்கால மாதிரிகள் சில அதை உள்வாங்கியிருக்கின்றன.

இரண்டு தேர்வுகளின் வினாத்தாளும் ஒன்றல்ல. ஸ்பெயினில் சோதிக்கப்பட்டது ஒப்பு விலை. வட அமெரிக்காவில் வர்த்தக அளவு. இருக்கிற கடை, இருக்கிற சரக்கு, இருக்கிற வாடிக்கையாளர் என்ற வட்டத்துக்குள் விலைகள் இடம் மாறுவதைச் சிஜிஇ நன்றாகப் பிடிக்கிறது. புதிய சரக்கு, புதிய வழி, புதிய நிறுவனம் பிறக்கும் இடத்தில் அது பார்வை இழக்கிறது. நாஃப்டாவின் நோக்கமே அந்தப் புதிய பிறப்புகள்தான் என்பதால் அங்கே பிழை பெரிதாகிவிட்டது.

நம் நாட்டு ஜிஎஸ்டி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2009இல் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு, பதின்மூன்றாம் நிதிக் குழுவுக்காக இதே வகை மாதிரியைக் கொண்டு, இந்த வரி மொத்த உற்பத்தியை 0.9 முதல் 1.7 சதவீதம் வரை கூட்டும் என்று கணித்தது. வரி வந்தது 2017 ஜூலையில். அதற்கு எட்டு மாதம் முன்பு பணமதிப்பு நீக்கம், மூன்றாண்டுக்குள் பெருந்தொற்று. அடுக்கு வரி நீங்கியதால் எந்தப் பொருளின் ஒப்பு விலை எப்படி மாறியது என்ற கேள்விக்கு ஸ்பெயின் முறை பொருந்தும்: மற்ற அதிர்ச்சிகளையும் உள்ளே செலுத்தி, வரியின் பங்கைத் தனியே பிரிக்கலாம். ஆனால் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தில், அந்தக் காத்திருப்புக்கு அஞ்சிக் கேரளத்துக்குச் சரக்கே அனுப்பாத ஒரு சிறு பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். சாவடி நீங்கிய பிறகு அது அங்கே முதல் ஆர்டரைப் பிடித்தால், அடிப்படை ஆண்டுக் கணக்கில் அதன் கேரள விற்பனைக்கு நேரே இருப்பது பூஜ்ஜியம்தான்.