கரண்டும் கடனும்



நம் திருச்செந்தூருக்கு வடக்கே தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் ஓடுகிறது. மின்சாரம் பக்கத்திலேயே தயாராகியும் வாரியத்துக்கு ஏன் கடன்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1957 ஜூலை 1-இல் பிறந்த மின்வாரியம் ஊர் ஊராகக் கம்பம் நட்டது. கிணற்று மோட்டார்கள் பெருகின. விவசாயிகளுக்கு இலவச மின்சாரமும் வந்தது, அது தேவைதான். ஆனால் 2003-க்குப் பிறகு 2010 வரை கட்டணம் உயரவில்லை. பற்றாக்குறைக்கு வெளியே அதிக விலைக்கு வாங்கினார்கள். 2012 மின்வெட்டில் விசிறிமட்டையோடு விழித்திருந்தது நினைவிருக்கும்.

2010-இல் வாரியத்தைப் பிரித்தார்கள். 2017-இல் உதய் திட்டத்தில் ரூ. 22,815 கோடி கடனை மாநில அரசே ஏற்றது. ஆனாலும் 2014-க்குப் பின் 2022 வரை மறுபடி கட்டணம் உயரவில்லை. கடன் திரும்ப ஏறியது.

பெயர்ப்பலகை மாறியது, வரவு செலவு மாறவில்லை. இலவசம் கொடுக்கட்டும், அதற்கான மானியம் வாரியத்துக்கு முழுதாக, காலத்தில் போகிறதா என்று நாம் கேட்க வேண்டும். இல்லையேல் வட்டியோடு நம் பிள்ளைகள்தான் கட்டுவார்கள்.