கறிவேப்பிலையைத் தின்னும் புழுக்கள்: விஷ மருந்தின்றி விரட்டும் வழிகள்

ஜொகூரில் பல தமிழர் வீடுகளில் முன்வாசலில் ஒரு கறிவேப்பிலை மரமும், பின்புறம் கீரை, வெண்டை, மிளகாய்ச் செடிகளும் இருக்கும். கொழுந்தெல்லாம் கடித்துக் கிடப்பதைப் பார்த்ததும் பலருடைய கை மருந்துப் போத்தலைத் தேடும். ஆனால், கண்ட மருந்தையும் தெளித்தால் புழு குறையாது, கூடும். இதைச் செம்பனைத் தோட்டங்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன.

தோட்டங்கள் கற்ற பாடம்

1960களில் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் 'உலாட் புங்குஸ்' எனப்படும் பைப்புழுக்கள் பெருகி, மட்டைகளைக் காயவைத்தன. டீல்ட்ரின் போன்ற கடும் மருந்துகள், புழுவைக் கொல்லும் சிறு குளவிகளையும் சேர்த்தே அழித்ததுதான் காரணம் என்று பூச்சியியலாளர் பி. ஜே. வூட் விளக்கினார். செம்பனைப் பூச்சிகள் பற்றிய அவரது நூல் 1968இல் வெளிவந்தது.

இன்று தோட்டச் சாலையோரம் டர்னெரா செடிகள் வரிசையாக நிற்பது அழகுக்காக மட்டும் அல்ல. 'புங்கா புக்குல் லாப்பான்' என்று மலாயில் அழைக்கப்படும் அந்தப் பூவின் தேன், அந்தக் குளவிகளுக்கு உணவு. வீட்டு வேலியோரமும் இரண்டு செடி நடலாம்.

எந்தப் புழு என்று பாருங்கள்

கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் பறவை எச்சம் போலத் தெரிவது வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தபின் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டி வாடை வீசும், கடிக்காது. பெரிய மரத்தில் நான்கைந்து இருந்தால் விட்டுவிடலாம். சிறு கன்றானால் எடுத்துவிட வேண்டும்.

கீரையை இரவில் தின்பது பெரும்பாலும் வெட்டுப்புழு. பகலில் மண்ணிலும் சருகிலும் ஒளிந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

• அந்தி சாய்ந்தபின் விளக்குடன் தேடி, புழுக்களைப் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுங்கள். இலையின் அடியில் உள்ள முட்டைகளையும் நசுக்குங்கள். மயிருள்ள புழுவை வெறுங்கையால் தொடாதீர்கள்.

• புழுவின் மேல் அரிசி போன்ற வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அதைக் கொல்ல வேண்டாம். அவை குளவியின் கூடுகள். புழு எப்படியும் செத்துவிடும், வெளிவரும் குளவிகள் மற்றப் புழுக்களைத் தேடிப் போகும்.

• சிறு பாத்திகளைக் கொசுவலையால் மூடி, ஓரங்களில் மண் அணையுங்கள்.

• ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சோப்பும் கலந்து, மாலையில் இலையின் இரு பக்கமும் படும்படி தெளியுங்கள்.

• அப்படியும் அடங்காவிட்டால் பி.டி. எனும் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ். 1901இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுக்களில் கண்டறியப்பட்ட இந்தப் பாக்டீரியா, பைப்புழுவுக்கு எதிராகத் தோட்டங்களிலும் தெளிக்கப்படுகிறது. தெளித்த இலையைத் தின்ற புழு அன்றே தீனியை நிறுத்தி, சில நாளில் சாகும். சிறு புழுக்களிடம்தான் நன்றாக வேலை செய்யும். வெயிலில் வலுவிழந்து மழையில் கழுவப்படுவதால் மாலையில் தெளியுங்கள். பெருமழைக்குப் பின் மீண்டும் தெளியுங்கள். இது வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் கொல்லும் என்பதால் தேவையான செடிக்கு மட்டும் போதும்.

எதைத் தெளித்தாலும் பறித்த இலையை நன்றாகக் கழுவிய பின்பே சமையுங்கள்.

செய்யக் கூடாதது

தோட்டத்து ஸ்டோரில் உள்ள மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது கறிக்குப் போகும் இலைக்கான மருந்து அல்ல. பிள்ளைகள் குடிபானம் என்று நினைத்துக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.