மரேயில் ஒரு கூரையடி வீடு

1999-ல் ஒரு மாதம் ஈட்டிய விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போனேன். பெரியப்பா மகன், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூத்த அண்ணன், அங்கே மரே பகுதியில் இருந்த தன் வீட்டை விற்கப் போவதாக எழுதியிருந்தார். "நீ பத்திர ஆபீஸ்காரன் ஆயிற்றே, வந்து கூட இரு" என்று கடைசியில் ஒரு வரி. அப்போது நான் புதுச்சேரி பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர்.

வீடு என்றால் ஐந்தாம் மாடியில், சரிவான கூரைக்கு அடியில் இரண்டு அறை. லிஃப்ட் கிடையாது. 1978-ல் அதை வாங்குவதற்காகத்தான் ஊரில் பூர்வீக வீட்டில் இருந்த தன் பாகத்தை என் அப்பாவிடமே விற்றார். அப்பா கடன் வாங்கித்தான் கொடுத்தார். "திண்ணையும் தூணும் முற்றமுமாக இருக்கிற வீட்டை விட்டுவிட்டு எவனாவது புறாக்கூண்டு வாங்குவானா" என்று அம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அண்ணன் காதுக்கும் போய், இரண்டு வருஷம் கடிதமே இல்லை.

புறாக்கூண்டு இருந்த இடம் என்னவோ பெரிய இடம்தான். மரே என்றால் பிரெஞ்சில் சதுப்பு நிலம். அந்தச் சதுப்பு ஓரத்தில் நான்காம் ஹென்றி மன்னர் 1605-ல் ஒரு சதுக்கம் கட்ட ஆரம்பித்தார். செங்கல்லும் வெள்ளைக் கல்லும் கலந்து, நாலு பக்கமும் ஒரே அச்சில் வீடுகள். 1612-ல் திறப்பு விழா நடந்தபோது மன்னர் உயிரோடு இல்லை. இன்று அதன் பெயர் ப்ளாஸ் தே வோஜ். அதைச் சுற்றிப் பிரபுக்கள் மாளிகை மாளிகையாகக் கட்டினார்கள். உப்பு வரி வசூலித்தே கொழுத்த ஒருவர் கட்டிய மாளிகைக்கு ஊரார் வைத்த பெயர் ஒத்தேல் சாலே, அதாவது உப்பு மாளிகை. 1985 முதல் அதில் பிக்காசோ அருங்காட்சியகம் இருக்கிறது.

பிறகு பிரபுக்கள் மேற்கே நகர்ந்தார்கள். புரட்சி வந்து மிச்சப்பேரையும் விரட்டியது. மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். முற்றத்தில் கொட்டகை போட்டுத் தோல் பை, பித்தளைச் சாமான், நகை செய்கிற பட்டறைகள் வந்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர்கள் ரோசியே வீதியில் குடியேறினார்கள். சித்திர வேலை செய்த உத்தரத்துக்குக் கீழே தையல் இயந்திரம் ஓடியது.

வாங்கியது விற்றது என்று எழுதும்போது ஒன்றை விடக்கூடாது. இந்தப் பகுதியின் தென்புறத்தை 'சுகாதாரமற்ற 16-ஆம் தொகுதி' என்று குறித்திருந்தார்கள். ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த 1940-களில் நகராட்சி அந்த வீடுகளைக் கையகப்படுத்தியது. குடியிருந்தவர்களில் பலர் யூதர்கள். 1942 ஜூலையில் யூதர்களை வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிழைத்துத் திரும்பியவர்களில் பலருக்கு வீடு இல்லை. 1990-களில் இந்த விவகாரம் பத்திரிகைகளில் பெரிதாக வெடித்தது.

சரி, ஒரு மாடியை மட்டும் எப்படி விற்கிறார்கள்? 1804-ஆம் வருஷத்து சிவில் சட்டத்தில் 664-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. புதுச்சேரிக்கும் 1819-ல் வந்துவிட்ட அதே சட்டம்தான். மாடிகள் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தமானால், பெரிய சுவரும் கூரையும் எல்லோர் செலவு. தான் நடக்கிற தளம் அவனவன் செலவு. முதல் மாடிக்காரன் அதுவரையுள்ள படியைக் கட்டவேண்டும், இரண்டாம் மாடிக்காரன் அங்கிருந்து தன் வாசல்வரை, அப்படியே மேலே மேலே. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் யோசித்தால் நியாயம்தான். 1938-லும் 1965-லும் வந்த சட்டங்கள் இதை 'கோப்ரொப்ரியெத்தே' என்ற கூட்டுடைமையாக மாற்றின. நம் அடுக்குமாடிப் பத்திரங்களில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதுகிறோமே, ஏறக்குறைய அதுதான். 1948-ல் வந்த வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையைக் கட்டிப்போட்டது. வாடகையால் பயனில்லை என்று கண்ட உரிமையாளர்கள் கட்டடத்தைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். அண்ணன் வாங்கியதும் அப்படி வந்த துண்டு ஒன்றுதான்.

இடையில் 1962 ஆகஸ்ட் 4-ல் மால்ரோ சட்டம் வந்தது. ஆந்த்ரே மால்ரோ அப்போது கலாச்சார அமைச்சர். ஒரு மாளிகையை மட்டுமல்ல, ஒரு பேட்டையையே காப்பாற்றலாம் என்றது அந்தச் சட்டம். 12 நாள் கழித்து, ஆகஸ்ட் 16-ல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் பிரெஞ்சில் பாடம் படித்துவிட்டு வெளியே வந்தால் கொடி. அப்பா இந்தியர் ஆனார். சொல்தாவாக இருந்த அண்ணன் பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார்.

மரே 1964-ல் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. முற்றத்துக் கொட்டகைகளை இடித்தார்கள், கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஜன்னல் மாற்றவேண்டும் என்றாலும் அரசுக் கட்டடக் கலைஞர் சம்மதிக்கவேண்டும். மால்ரோ செய்தது நல்ல காரியம், இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் சுத்தம் செய்த வீட்டின் விலை பட்டறைக்காரனுக்கு எட்டவில்லை. அண்ணன் வாங்கியபோது கீழே முற்றத்தில் தோல் பை தைத்தார்கள். நான் போனபோது அங்கே ஓர் ஓவியக்கடை, வெள்ளைச் சுவரில் மூன்றே மூன்று படம்.

அண்ணனின் 1978 பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அறைகள், மாடி, பொதுவில் 1000-க்கு 38 பங்கு, எல்லாம் இருந்தது. பரப்பளவு இல்லை! ஆர், சாந்தியார் என்று பைசா சுத்தமாக எழுதிப் பழகிய எனக்கு நம்பமுடியவில்லை. விற்றவர் வாயால் சொன்னது 41 சதுர மீட்டர். பரப்பை எழுதியே தீரவேண்டும் என்ற காரேஸ் சட்டம் 1996 டிசம்பரில்தான் வந்தது. எழுதியதைவிட நிஜ அளவு இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட்டு விலையைக் குறைக்கலாம். அதில் ஒரு கொக்கி: 1.80 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ள இடம் கணக்கில் வராது.

அளக்க ஒரு பையன் வந்தான். சரிவுக் கூரைக்கு அடியில் ஓர் அளவுகோலை நிறுத்தி நகர்த்திக்கொண்டே போய், அது கூரையில் முட்டிய இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அண்ணனின் கட்டில், அண்ணி சாமி படம் வைத்திருந்த மூலை, பிள்ளைகள் படித்த மேசை எல்லாம் அந்தப் பக்கம். மொத்தம் 33 மீட்டர் என்றான். அண்ணன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தோரு வருஷம் குனிந்து நடந்த இடம்டா" என்று என்னிடம் தமிழில் சொன்னார். பையன் ஏதோ ஆட்சேபணை என்று நினைத்துச் சட்டத்தை விளக்க ஆரம்பித்தான்.

நொத்தேர் அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே சில மாதம். நகராட்சி தானே வாங்கிக்கொள்ள விரும்புகிறதா என்றுகூடக் கேட்கிறார்கள். நம் ஊரில் வில்லங்கச் சான்று கிடைத்தால் போதும். கிரயத் தேதிவரை என் விடுப்பு தாங்கவில்லை; ஒப்பந்தத்தோடு திரும்பிவிட்டேன். விலையை எழுதினால் அண்ணன் கோபிப்பார். 33 மீட்டருக்கான விலைதான், ஆனாலும் அப்பா கொடுத்ததைப்போல் பல மடங்கு. அம்மாவிடம் சொன்னபோது, "அந்தக் கூண்டுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கிரயம் முடிந்ததும் சார்செல் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கினார்கள். நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிற இடம். முதல் கடிதத்தில் லிஃப்ட் இருக்கிறது, முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். எந்த மூலையில் நின்றாலும் தலை இடிக்கவில்லையாம். அண்ணிதான் காலையில் எழுந்திருக்கும்போது பழக்கத்தில் இன்னும் குனிகிறாளாம்.