முதற் சோறும் முழுப் பானையும்: கொரியக் காதல் தொடர்களின் வரலாறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் வழக்கு. ஒரே பானையில் ஒரே நேரத்தில் இட்ட அரிசி ஒரே அளவில்தான் வேகும் என்பது அதன் அடிப்படை. ஆனால், முதற் சோற்றைப் பதம் பார்த்த பின்னரே மீதி அரிசியை உலையில் இடுவதாயின் அப்பழமொழியின் நிலை என்னாகும்? தென்கொரிய நாட்டின் தொலைக்காட்சிக் காதல் தொடர்கள் பல்லாண்டுகள் இத்தகைய உலையிலேதான் வெந்தன. அவற்றின் முதற் பகுதிகளைக் கண்டு மக்கள் கூறிய தீர்ப்பு, இன்னும் எழுதப்படாத பகுதிகளின் போக்கையே மாற்றியது. அந்தத் தீர்ப்பின் வரலாறு, கலையின் வரலாறாக மட்டுமன்றி உழைப்பின் வரலாறாகவும் விளங்குகின்றது.

தொடக்க காலம்

கொரியாவில் தொலைக்காட்சி 1956ஆம் ஆண்டில் தோன்றியது. போர் ஓய்ந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தனியார் நடத்திய அந்த முதல் நிலையம் 1959இல் தீக்கு இரையாயிற்று. 1961ஆம் ஆண்டின் இறுதி நாளில் கே.பி.எஸ். எனும் அரசு நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1964இல் டி.பி.சி.யும் 1969இல் எம்.பி.சி.யும் தொலைக்காட்சித் துறையில் அடியெடுத்து வைத்தன. மூன்று நிலையங்கள் போட்டியிட்ட அந்நாளில், மக்களை ஈர்க்கும் வலிமை தொடர் நாடகத்திற்கே மிகுதி என்பது விரைவில் விளங்கிற்று.

1970இல் டி.பி.சி. ஒளிபரப்பிய 'அசி', குடியேற்ற ஆட்சிக் காலந்தொட்டு ஒரு குடும்பப் பெண் பொறுமையோடு தாங்கிய துன்பங்களைச் சொன்னது. 1972இல் கே.பி.எஸ். வழங்கிய 'யோரோ', அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவனை மணந்த பெண்ணின் கதை. இரண்டும் இருநூறு பகுதிகளுக்கு மேல் ஓடின. பெட்டி இல்லாதோர் அஃது இருந்த வீடுகளில் கூடினர். ஒளிபரப்பு வேளையில் தெருக்கள் வெறிச்சோடின. ஆயினும் இவற்றைக் காதல் நாடகங்கள் என்பதைவிடக் கற்பும் பொறுமையும் போற்றிய குடும்பக் கதைகள் என்பதே பொருந்தும்.

புதிய தலைமுறையின் காதல்

1980ஆம் ஆண்டில் இராணுவ ஆட்சி ஒலி, ஒளிபரப்பு நிலையங்களை வலிந்து இணைத்தது, டி.பி.சி. கே.பி.எஸ்.ஸினுள் மறைந்தது. அதே டிசம்பரில் வண்ண ஒளிபரப்பும் தொடங்கியது. 1987இல் மக்கள் போராட்டத்தின் பயனாக நேரடி அதிபர் தேர்தல் மீண்டது. அடுத்த ஆண்டு சியோல் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தேறின. 1991இல் எஸ்.பி.எஸ். எனும் தனியார் நிலையமும் ஒளிபரப்பில் இறங்கியது. வருவாய் உயர்ந்து, நகரங்கள் பெருகி, கல்வி கற்ற பெண்கள் அலுவலகம் சென்ற அந்நாளில், மாமியார் கொடுமைக் கதைகள் மட்டும் இளையோர்க்குப் போதவில்லை.

1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எம்.பி.சி. 'சில்த்து' எனும் தொடரைத் தொடங்கியது. அச்சொல்லுக்குப் 'பொறாமை' என்பது பொருள். நெடுநாள் நண்பர்களாகிய ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் தம் நட்பு காதலாக மாறியதைக் காலந்தாழ்ந்து உணரும் கதை அது. சோய் சின்-சில், சோய் சூ-சோங் ஆகிய இருவரும் நடித்தனர். இறுதிக் காட்சியில் தழுவி நிற்கும் காதலரைச் சுற்றிச் சுற்றி வந்த படக்கருவியைக் கொரிய மக்கள் இன்றும் மறந்திலர். பதினாறு பகுதிகள், இளையோரின் நகர வாழ்க்கை, மெல்லிய நகைச்சுவை, பாடல் என அத்தொடர் காட்டிய வழியிலேயே பிற்காலக் காதல் தொடர்கள் நடந்தன எனலாம்.

முதல் வாரத் தீர்ப்பு

வாரம் இரு பகுதிகள் ஒளிபரப்புவது அங்கே நிலைபெற்ற வழக்கம். திங்களும் செவ்வாயும் ஒரு தொடர். புதனும் வியாழனும் மற்றொன்று. வார இறுதியில் வேறொன்று. ஒரே இரவில், ஒரே நேரத்தில், வெவ்வேறு நிலையங்களின் தொடர்கள் மோதிக்கொள்ளும். மறுநாளே பார்வையாளர் விழுக்காடு வெளியாகிவிடும். 1997ஆம் ஆண்டு ஏப்ரலில் கே.பி.எஸ்.ஸின் 'முதற் காதல்' தொடர் 65.8 விழுக்காட்டை எட்டியது. கொரியத் தொடர்களுள் இதுவே மிக உயர்ந்த அளவாகும்.

விழுக்காடு உயர்ந்தால் தொடர் நீட்டிக்கப்படும். தாழ்ந்தால் குறித்த நாளுக்கு முன்பே முடிக்கப்படும். எனவே பெரும்பாலான தொடர்கள் சில பகுதிகளை மட்டும் முன்கூட்டியே படமாக்கிக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கின. எஞ்சியவை வாரந்தோறும் எழுதப்பட்டு, வாரந்தோறும் படமாக்கப்பட்டன. நாள் நெருங்க நெருங்க, முழுப் பகுதியும் எழுதி முடிவதற்கு முன்பே, சில காட்சிகளுக்குரிய தாள்கள் மட்டும் படப்பிடிப்புத் தளத்திற்கு வந்து சேரும். அவற்றைக் கொரியர் 'சோக்தேபோன்', அதாவது துண்டு வசனத்தாள், என்றனர்.

இம்முறையில் பார்வையாளர்க்கு ஓர் அரிய உரிமை கிட்டியது. அவர்கள் விரும்பிய துணைப் பாத்திரம் அடுத்த வாரங்களில் வளர்ந்தது; வெறுத்த திருப்பம் திருத்தப்பட்டது. 2004இல் எஸ்.பி.எஸ். ஒளிபரப்பிய 'பாரிசுக் காதலர்' ஐம்பது விழுக்காட்டைத் தாண்டிய தொடர். அதன் கதை முழுவதும் நாயகி எழுதிய கற்பனையே என்பதுபோல் முடிவு அமைந்தபோது நாடெங்கும் பெரும் வாதம் எழுந்தது. தமக்கும் பங்குண்டு என்று மக்கள் எண்ணிய கதையாதலின், அதன் முடிவிலும் அவர்கள் உரிமை கோரினர்.

2002இல் கே.பி.எஸ். வழங்கிய 'குளிர்காலக் காதற் பாடல்' இப்புகழைக் கடல் கடந்து கொண்டு சென்றது. யூன் சொக்-ஹோ இயக்கிய அத்தொடரில் பே யோங்-சூனும் சோய் சீ-ஊவும் நடித்தனர். 2003இல் சப்பானின் என்.எச்.கே. அதனை ஒளிபரப்பியது, நடுவயதுப் பெண்கள் அதில் உள்ளம் பறிகொடுத்தனர். படப்பிடிப்பு நடந்த நாமி தீவைக் காண ஆயிரக்கணக்கானோர் பயணம் மேற்கொண்டனர். முப்பத்தைந்து ஆண்டுகள் தம்மை அடிமைப்படுத்தி ஆண்ட நாட்டின் மக்கள் தம் கதைக்குக் கண்ணீர் சிந்தியது கொரியர்க்கு வியப்பும் பெருமிதமும் அளித்த நிகழ்ச்சியாகும்.

உரிமையின் விலை

எனினும், பார்வையாளரின் இவ்வுரிமைக்கு விலை கொடுத்தோர் வேறு சிலர். முதற் பகுதிகள் போதிய காலமும் பொருளும் கொண்டு உருவானவை. அவற்றிற்காக அயல்நாடு சென்று படமெடுப்பதும் உண்டு. இறுதிப் பகுதிகளோ உறக்கமிழந்த உடல்களால் உருவானவை. விளக்குத் தூக்குவோர், ஒலிப்பதிவாளர், ஒப்பனையாளர், உதவி இயக்குநர் ஆகியோர் இரவு பகலாக உழைத்தனர். ஒளிபரப்பு நாளன்றே படமெடுத்து, அன்றிரவே படத்தொகுப்பு முடித்து அனுப்பிய நேரங்களும் இருந்தன. ஒரு தொடர் நன்றாகத் தொடங்கிப் பின்னர்த் தளர்ந்துவிட்டது என்று மக்கள் குறைகூறியபோது, தளர்ந்தது கதை மட்டுமன்று என்பதைப் பலர் அறிந்திலர்.

2011ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஒரு தொடரின் நாயகி, படப்பிடிப்பின் கடுமையைச் சுட்டிப் பணியிலிருந்து விலகி அயல்நாடு சென்றார். அவ்வாரத்தில் ஒரு பகுதி ஒளிபரப்பாகவில்லை. பொறுப்பற்றவர் எனப் பலர் அவரைத் தூற்றினர். சில நாளில் அவர் திரும்பி வந்து தொடரை முடித்துக் கொடுத்தார். ஆனால் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் இளம் உதவி இயக்குநர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். தம்மோடு உழைத்தோரை வாட்டி வேலை வாங்கும் கருவியாகத் தாம் ஆனதை எண்ணி அவர் வருந்தி எழுதிய கடிதம் பின்னர் வெளியாயிற்று. அவர் குடும்பத்தார் நீதி கேட்டுப் போராடினர். மறு ஆண்டு அந்நிறுவனம் பொதுமன்னிப்புக் கேட்டது. 2018இல் ஒளிபரப்புத் தொழிலாளர் உரிமைக்கென அவர் பெயரிலேயே ஒரு நடுவம் நிறுவப்பட்டது.

அதே 2018இல் நாட்டின் தொழிற்சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை வேலை நேர வரம்பிலிருந்து விலக்குப் பெற்றிருந்த ஒளிபரப்புத் துறை அவ்விலக்கை இழந்தது. 2019 ஜூலை முதல், முந்நூறு பேருக்கு மேல் பணிபுரியும் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் வாரம் 52 மணி நேர வரம்பு வந்தது.

மாறிய அடுப்பு

சந்தையும் மாறிற்று. அயல்நாட்டுத் தொடர்களை இணையத்தில் வெளியிடும் முன் முழுமையாகத் தணிக்கை செய்ய வேண்டும் எனச் சீனம் விதி வகுத்தது. அதனால் 2016இல் வந்த 'கதிரவனின் வழித்தோன்றல்கள்' ஒளிபரப்புக்கு முன்பே முற்றும் படமாக்கப்பட்டு, இரு நாடுகளிலும் ஒரே வேளையில் வெளியிடப்பட்டது. கொரியாவில் அதன் இறுதிப் பகுதி 38.8 விழுக்காட்டைப் பெற்றது. முன்கூட்டியே முடித்த தொடர் வெல்லாது என்ற பழைய எண்ணம் அதனால் ஆட்டங் கண்டது. நெட்பிளிக்ஸ் போன்ற நிறுவனங்களின் வருகை இப்போக்கை மேலும் வலுப்படுத்தியது.

இம்மாற்றத்தால் இழப்பே இல்லை என்று கூறிவிட முடியாது. முன்பு மக்களின் முதல் எண்ணம் நாடகாசிரியரின் எழுதுகோலை அசைத்தது. முற்றும் முடிந்த தொடரிலோ எவ்வளவு புகழ்ந்தாலும், எவ்வளவு இகழ்ந்தாலும் ஒரு சொல்லும் மாறாது. கதை சொல்வோரும் கேட்போரும் வாரந்தோறும் நடத்திய அந்த உரையாடல் பெரிதும் மறைந்துவிட்டது. ஆனால் அவ்வுரையாடல் பெயரறியாத் தொழிலாளர் பலரின் உறக்கத்தைக் கொண்டு நடத்தப்பட்டது என்பதை அறிந்த பின், அதனை மீண்டும் வேண்டுவார் யார்?

ஒரு சோற்றைக் கொண்டு பதம் அறிவது பிழையன்று. உண்போர்க்கு அந்த உரிமை உண்டு. ஆயினும், அடுப்படியில் நின்று வெந்தவர் யாவர் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது பண்புடையோர் கடன். திரையில் மலரும் காதலைக் கண்டு மகிழும் உள்ளம், அக்காதலுக்கு விளக்கேந்தி நிற்கும் கைகளையும் நினைக்குமானால், அதுவே அக்கலைக்கு நாம் செய்யும் தக்க மரியாதையாகும்.