டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் அதன் பழுதும்: ஒரு வரலாறு

மின்கிட்டாரின் கம்பி அதிர்வில் பிறக்கும் மிகச் சிறிய மின்குறிப்பை, ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கித் தருவது கிட்டார் ஆம்ப்ளிஃபயர். 1960கள் வரை இதற்கு வெற்றிடக் குழல்களே, அதாவது வால்வுகளே, பயன்பட்டன. வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். சூடாகச் சற்று நேரம் பிடிக்கும். உள்ளே செம்மஞ்சளாக ஒளிரும். வயதானால் ஒலி மெல்ல மங்கும். பழுதான வால்வைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். அமெரிக்காவில் மருந்துக் கடைகளில்கூட வால்வு சோதிக்கும் கருவி வைத்திருந்தார்கள்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. எடை குறைவு, சூடேறக் காத்திருக்க வேண்டாம், கண்ணாடி உடையும் பயமில்லை. 1960களின் நடுவில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளர்களும் இதன் பக்கம் திரும்பினர். கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் நிறுவனம் வாக்ஸ் என்ற பெயரில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தது. லியோ ஃபெண்டர் தொடங்கிய ஃபெண்டர் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே ஃபெண்டர் பெயரில் டிரான்சிஸ்டர் வகை வெளிவந்தது. ஆலைப் பொறுப்பில் இருந்த ஃபாரஸ்ட் ஒயிட் அதற்கு ஒப்புதல் தர மறுத்து நிறுவனத்தை விட்டு விலகினார். சில ஆண்டுகளிலேயே அந்த வகை கைவிடப்பட்டது. ஒலி பிடிக்கவில்லை என்பது ஒரு குறை. மேடையில் திடீரென்று செத்துப்போயின என்பது அதைவிடப் பெரிய குறை.

ஏன் செத்தன? மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஸ்பீக்கர் கம்பி ஒன்றோடொன்று தொட்டுவிட்டாலும் வால்வு சற்று நேரம் தாங்கும். டிரான்சிஸ்டருக்கு அந்த அரண் பெரும்பாலும் இல்லை. கம்பி தொட்ட கணத்தில் அளவு மீறிய மின்னோட்டம் பாய்ந்து, ஃபியூஸ் உருகும் முன்பே டிரான்சிஸ்டர் உள்ளே ஷார்ட் ஆகிவிடும். தொடக்கக் காலப் பவர் டிரான்சிஸ்டர்களில் பல ஜெர்மேனியத்தால் ஆனவை. அவை சூடானால் மின்கசிவு கூடும். கசிவு கூடினால் மேலும் சூடாகும். இந்தச் சுழலில் சிக்கிய டிரான்சிஸ்டர் பிழைக்காது. வீட்டு ரேடியோவில் இந்த ஆபத்து குறைவு. கிட்டார்காரர்களோ ஒலியை முழு அளவில் திருகி வைத்து மணிக்கணக்கில் வாசித்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. டிரான்சிஸ்டர்கள் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்தவை. ஒன்று போனால் அதை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டர், பக்கத்து ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்து போகும். வால்வுக் காலத்துப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டவர்கள், புதியதையும் அதே நொடியில் இழந்தார்கள்.

இன்று பழுதுபார்ப்போர் பின்பற்றும் வரிசை இந்தப் பட்டறிவில் உருவானது. முதலில் ஃபியூஸ். கண்ணாடி கறுத்துப்போயிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். புதிய ஃபியூஸ் போட்டு உடனே இயக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகு, மல்டிமீட்டரின் டயோடு நிலையில் ரெக்டிஃபையரையும் பவர் டிரான்சிஸ்டர்களையும் சோதிக்க வேண்டும். நல்ல சிலிக்கான் சந்தி ஒரு திசையில் சுமார் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்டும். இரு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான். சர்க்யூட்டிலிருந்து கழற்றி அளந்தால் உறுதியாகும். மாற்றிய பின் முதன்முறை இயக்கும்போது சீரீஸ் பல்பு வழியாக மின்சாரம் தர வேண்டும். பல்பு பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு ஒளியில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. இதற்குப் பழைய இழை பல்புதான் ஆகும், எல்இடி உதவாது. 230 வோல்ட் உள்ளே வரும் வேலை இது; பழகாதவர்கள் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பீக்கரை இணைப்பது கடைசி. பழைய சர்க்யூட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கண்டென்சர் இருந்து நேர்மின்னோட்டத்தைத் தடுத்தது. பின்னாளில் கூட்டல், கழித்தல் என இரட்டை மின்வழங்கல் வந்ததும் அந்தக் கண்டென்சர் போய்விட்டது. இப்போது டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஸ்பீக்கரின் சுருளும் கருகும். எனவே வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம்தானா என்று அளந்த பிறகே அதை மாட்டுகிறார்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்து, விளக்கும் எரிந்து, ஒலி மட்டும் வராவிட்டால் கதை வேறு. எஃபெக்ட்ஸ் இணைக்கும் சாக்கெட்டுகளின் தொடுமுனையில் களிம்பேறியிருக்கலாம். அதன் வெளிச்செல்லும் முனையையும் உள்வரும் முனையையும் ஒரு சிறு கேபிளால் இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் வந்ததும் நிலைமை மாறியது. ஆர்சிஏவின் 2என்3055 பலரது சர்க்யூட்டில் இடம்பெற்றது. மின்னோட்டத்தை வரம்புக்குள் நிறுத்தும் பாதுகாப்புச் சர்க்யூட்டுகளும் சேர்ந்தன. 1975இல் வந்த ரோலண்டின் ஜேசி-120, 60 வாட் பெருக்கிகள் இரண்டைக் கொண்டது. அதன் தெளிந்த ஒலிக்காகவே அதைத் தேடி வாங்கினார்கள். லியோ ஃபெண்டரே பின்னாளில் மியூசிக் மேன் நிறுவனத்தில், முன்பகுதியில் டிரான்சிஸ்டரும் பவர் பகுதியில் வால்வும் கொண்ட ஆம்ப்ளிஃபயர்களோடு தொடர்புடையவராக இருந்தார்.

இப்போது டிடிஏ7293 போன்ற ஒற்றைச் சிப்பிலேயே பவர் பகுதியும் ஷார்ட், வெப்பப் பாதுகாப்பும் அடங்கிவிடுகின்றன. அதுவும் போகத்தான் செய்கிறது. மாற்றும்போது அதன் முதுகுக்கும் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே மின்காப்புத் தாள் இருந்ததா என்று பார்த்து, இருந்தால் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். அதன் உலோக முதுகு கழித்தல் மின்வழங்கலோடு இணைந்தது. தாளை மறந்தால் புதிய ஃபியூஸும் போகும்.